மாவ், உன் பந்து

"மாவ், உன் பந்து!" என்று வலையோரத்திலிருந்து நியான் அக்கா கத்துவாள். மஞ்சள் பந்து அவசரமே இல்லாமல் என் தலைக்கு மேலே வந்து, இறங்கி, சிமெண்ட் தரையில் பொத்தென்று விழும். அதற்கப்புறம்தான் என் கால் நகரும்.

ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. தெத் புத்தாண்டு முடிந்த எட்டாம் நாள் ஆடத் தொடங்கினேன். அதற்குள் ஒரு போகம் நட்டு, அறுத்து, அடுத்த போகமும் நட்டாகிவிட்டது. இன்னும் இதே கதைதான்.

நாங்கள் ஆடுவது லேசான ரப்பர் பந்தில். இளவட்டங்கள் ஆடும் வாலிபால் மாதிரி அது கையைப் பதம் பார்க்காது. வயசானவர்களுக்கென்றே வந்த ஆட்டம் இது. பக்கத்துக்கு ஐந்து பேர். நெல் காயப் போடாத நாட்களில், மாலை ஐந்து மணிக்கு ஊர் மன்றத்து முற்றத்தில் வலை கட்டுவோம். லேசான பந்தில் ஒரு தொல்லை உண்டு. கொஞ்சம் காற்றடித்தால் போதும், குடிகாரன் மாதிரி பாதை மாறும். யாருடைய பந்து என்று தெரியாமல் இரண்டு பேர் முட்டிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் இரண்டு பேரும் மரியாதை பார்த்து விட்டுவிடுவார்கள். அதற்காக நியான் அக்கா ஒரு வழக்கம் வைத்திருந்தாள். பந்து வலையைத் தாண்டும்போதே எடுக்க வேண்டியவளின் பெயரைச் சொல்லிக் கத்துவாள். பெயர் வந்தவள் ஓட வேண்டும். மற்றவர்கள் அசையக் கூடாது.

இந்த வழக்கத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

நானாகப் போய்ச் சேரவில்லை. போன வருடம் ஆடிய ஐந்து பேரில் இரண்டு பேர் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஹனோய் போய்விட்டார்கள். வட்ட அளவிலான போட்டியில், அறுபது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவில் எங்கள் ஊர் போன வருடம் இறுதி ஆட்டம் வரை போய் இரண்டே பாயிண்டில் தோற்றிருந்தது. ஆள் இல்லாமல் அந்த அணி கலையக் கூடாது என்று நியான் அக்கா வீடு வீடாக அலைந்தாள். எங்கள் வருடங்களுக்குப் பன்னிரண்டு மிருகங்களின் பெயர். இந்தப் பூனை வருடத்தில், பிறந்த வருடக் கணக்கில், என் அடையாள அட்டைப்படி எனக்கு அறுபது.

"இனி நீ தப்பிக்க முடியாது. அறுபது ஆயிடுச்சு, வா" என்றாள்.

"பந்தைக் கையால தொட்டதே இல்லக்கா. எனக்கு என்ன தெரியும்?"

"பொறக்கும்போதே சோறு பொங்கத் தெரியுமா உனக்கு?"

நியான் அக்காவிடம் வாயைக் கொடுத்து ஜெயித்தவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. கிராம அலுவலகத்தில் முப்பது வருடம் பிறப்பு, இறப்பு, கல்யாணம் பதிவு செய்தவள் அவள். ஊரில் பாதிப் பேரின் பெயர் அவள் கையெழுத்தில்தான் இருக்கிறது.

முதல் மாதம் முன்கை இரண்டும் செவசெவ என்றிருந்தது. பந்தைத் தட்டக் கூடாது, இரண்டு கையையும் சேர்த்துப் பலகை மாதிரி வைத்து முட்டியை மடக்கி எழுந்தால் அதுவே போகும் என்றார்கள். எனக்கு அது காம்பவுண்டைத் தாண்டி மீன் குட்டைக்குப் போனது. மியென் மூங்கில் கழியோடு ஓடி ஓடி எடுத்து வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, 1963 டிசம்பரில் பிறந்தவள், அவளும் இந்த வருடம்தான் அணியில் சேர்ந்தாள். அட்டைப்படி நான் ஒன்பது மாதம் மூத்தவள் என்பதால் முப்பது வருடமாக என்னை அக்கா என்றே கூப்பிடுகிறாள். வாய் மட்டும் அந்த மரியாதைக்கு அடங்காது.

"அக்கா, குட்டையில இருக்கிற மீனெல்லாம் நல்லா ஆடக் கத்துக்கிச்சு. நீங்க எப்போ?"

மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் பந்து என் கையில் பட்ட சத்தமே வேறாக இருந்தது. நேராக, சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி, நியான் அக்காவின் தலைக்கு மேலே போய் நின்றது. அவள் தூக்கிக் கொடுத்தாள், எங்கள் அணியின் தோவான் அக்கா அடித்தாள், பாயிண்ட். யாரும் என்னைப் பாராட்டவில்லை. அடுத்த சர்வீஸுக்கு நகர்ந்தார்கள். ஆனால் நான் அன்று இரவு படுக்கையில் கைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். ஆலையில் வேலை செய்தது வீட்டுக்காக, வயலில் இறங்கியது மகனுக்காக. ஐந்து மணிக்கு அந்த முற்றத்துக்குப் போவது மட்டும் எனக்காக. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அதனால்தான் அந்தத் தாமதம் என்னைத் தின்றது. கை பழகிவிட்டது. சர்வீஸ் பத்துக்கு எட்டு வலையைத் தாண்டியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் அரை நொடி நின்றுவிடுவேன். பந்தாட்டத்தில் அரை நொடி என்பது ஒரு முழு ஆள் இல்லாத மாதிரி.

"உங்க காதுக்கும் காலுக்கும் நடுவுல ரயில்வே கேட் எதுவும் போட்டிருக்காங்களாக்கா?" என்றாள் மியென்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நியான் அக்கா சிரிக்கவில்லை.

அக்டோபரில் வட்டப் போட்டி. செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம் மற்றவர்களை அனுப்பிவிட்டு என்னை மட்டும் நிறுத்தி வைத்தாள். வலைக்கு அந்தப் பக்கம் போய் நின்று, "ஏய்!" என்று கத்திப் பந்தைப் போட்டாள். எடுத்தேன். மறுபடி "ஏய்!" எடுத்தேன். இருபதில் ஒன்றுதான் தவறியது. அப்புறம், "மாவ்!" என்று கத்திப் போட்டாள். இருபதில் பதினொன்று தரையில் விழுந்தது.

அவள் பந்தை எடுத்துக்கொண்டு மன்றத்துப் படியில் உட்கார்ந்தாள். என்னையும் உட்காரச் சொன்னாள்.

"முப்பது வருஷம் பேர் எழுதினவ நான். பேரைக் கேட்டா முழிக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். சொல்லு."

நான் சிரித்து மழுப்பப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் பந்தின் காற்று அடைக்கும் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து நாற்பத்தொரு வருடம் உண்டு வந்தவள், அந்தப் படியில் வைத்துச் சொல்லிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்து ஏழை வீடுகளில் பிள்ளைக்குப் பெயர் தேட மாட்டார்கள். பிறந்த வருடத்தின் பெயரையே வைத்துவிடுவார்கள். என் சொந்த அக்கா பூனை வருடத்தில் பிறந்தாள், அதனால் மாவ். நான் நாலு வருடம் கழித்து ஆட்டு வருடத்தில் பிறந்தேன், மூய். அக்கா ஐந்து வயதில் தட்டம்மை கண்டு செத்துப்போனாள். எனக்கு அப்போது ஒரு வயது. அவள் முகம் எனக்குத் தெரியாது. புகைப்படமும் இல்லை. பிஸ்கட் டப்பாவில் அவளுடைய பிறப்புக் காகிதம் மட்டும் இருந்தது. எனக்கு அது எழுதப்படவே இல்லை. குண்டு விழுந்துகொண்டிருந்த வருடம் அது. அப்பா படையில் இருந்தார்.

எனக்குப் பதினைந்து வயதானபோது நெசவாலைக்கு ஆள் எடுத்தார்கள். பதினெட்டு ஆகியிருக்க வேண்டும். ஆலையில் சேர்ந்தால் மாதா மாதம் அரிசிக் கூப்பன். அம்மா டப்பாவைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்து என் சட்டைப் பையில் வைத்தாள். "இன்னையிலேர்ந்து நீ மாவ். யார் கூப்பிட்டாலும் திரும்பு" என்றாள். கூப்பன் காலத்தில் எல்லோரும் ஒல்லி, பதினைந்துக்கும் பத்தொன்பதுக்கும் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

திரும்பினேன். ஆலையில் திரும்பினேன், கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து திரும்பினேன். என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும், அவர் என்னைப் பெயர் சொல்லியே கூப்பிட்டதில்லை, மகன் பெயரோடு 'அம்மா' சேர்த்துக் கூப்பிடுவதோடு சரி. மூய் என்று கூப்பிட அம்மா ஒருத்திதான் இருந்தாள். அவளும் போய் ஒன்பது வருடம். மாவ் என்று யாராவது கூப்பிட்டால் உள்ளே ஒருத்தி, "யாரை?" என்று கேட்டு, "என்னைத்தான்" என்று முடிவு செய்த பிறகுதான் நான் திரும்புவேன். பேச்சில் அந்த அரை நொடி யார் கண்ணிலும் படாது. என்னை நிதானமானவள் என்று ஊர் மெச்சியது. பந்துதான் கண்டுபிடித்துவிட்டது.

நியான் அக்கா பந்தைத் துடைப்பதை நிறுத்தினாள். பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி கேட்டாள்.

"அவ செத்ததை எழுதலையா?"

"இல்லக்கா."

"நீ பொறந்ததையும் எழுதல."

"இல்ல."

"அப்போ செத்தவ உயிரோட இருக்கா. உயிரோட இருக்கறவ பொறக்கவே இல்ல." அவள் பந்தைக் கீழே வைத்தாள். "உன் கல்யாணத்தை என் கையாலதான் எழுதினேன். அஞ்சு வயசுல செத்த கொழந்தைக்குக் கல்யாணம் எழுதியிருக்கேன்டி நான்."

அவள் எழுந்து வலையை அவிழ்த்தாள். நான் மறுமுனையைப் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"அறுபதுப் பிரிவுன்னா அறுபது ஆகியிருக்கணும். உனக்கு அம்பத்தாறு. பட்டியல் பதினஞ்சாந்தேதி குடுக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த மூன்று நாள் நான் முற்றத்துப் பக்கம் போகவில்லை. ஐந்து மணியானால் பந்துச் சத்தம் வீடு வரை கேட்கும். நாலு பேர் ஆடும் சத்தம் எனக்குத் தெரியும், இடைவெளி அதிகமாக இருக்கும். நான் கொல்லையில் போய்க் கீரைக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றின பாத்திக்கே மறுபடியும் ஊற்றினேன்.

"என்ன, பந்து வெடிச்சிடுச்சா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"உங்க வாயை முதல்ல அடைங்க" என்றேன்.

பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஓய்வூதியம், வீட்டுப் பத்திரம், மகனுடைய காகிதங்கள், எல்லாம் மாவ் என்ற பெயரில்தான் நிற்கின்றன. ஆனால் நியான் அக்கா காட்டிக்கொடுப்பவள் அல்ல என்றும் தெரியும். அதைவிட வேறொன்று அரித்தது. ஆட வேண்டும் என்று இருந்தது எனக்கு. அவ்வளவு ஆசையாக இருந்தது. நாற்பத்தொரு வருடம் சொன்ன பொய், அட்டையை நீட்டி இன்னும் ஒரு நாள் சொன்னால் என்ன குடி முழுகிவிடும் என்று மனம் வாதாடியது. உடனே இன்னொன்றும் தோன்றியது. அவளுடைய அரிசியைச் சாப்பிட்டேன். அவள் பெயரில் கல்யாணம் செய்துகொண்டேன். அறுபது வருடம் சுற்றி, அவள் பிறந்த அதே பூனை வருடம் திரும்பி வந்திருக்கிறது. ஆறு வயதைக்கூடப் பார்க்காதவள். அவளுடைய அறுபதையும் நானே பிடுங்கிக்கொண்டு ஓட வேண்டுமா? கீரைப் பாத்தியில் உட்கார்ந்து அழுதேன். அவளுக்காக நான் அழுதது அதுதான் முதல் தடவை.

நாலாம் நாள் சாயங்காலம் நாலு பேரும் வாசலில் வந்து நின்றார்கள். மியென் இடுப்பில் பந்து இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததுமே நியான் அக்கா சொல்லிவிட்டாள் என்று தெரிந்தது.

"முப்பது வருஷம்!" என்று மியென் ஆரம்பித்தாள். "முப்பது வருஷமா உன்னை அக்கா அக்கான்னு கூப்பிட்டிருக்கேன். விருந்துக்கு விருந்து உனக்கு முதல்ல டீ ஊத்திட்டு நான் ஆறின டீ குடிச்சேன். நாலு வயசு சின்னக் கழுதை! அத்தனை டீயையும் திருப்பி ஊத்துடி!"

கோபமா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. கண் கலங்கியிருந்தது. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். நியான் அக்கா குறுக்கே விழுந்தாள்.

"அதெல்லாம் அப்புறம் அழுதுக்கலாம். பட்டியல் குடுத்தாச்சு. அம்பதுலேர்ந்து அம்பத்தொம்பது பிரிவுல."

எனக்குப் புரியவில்லை.

"மூத்தவங்க இளைய பிரிவுல ஆடலாம், தடையில்ல. இளையவங்கதான் மூத்த பிரிவுல ஆடக் கூடாது" என்றாள். "அட்டையில அறுபதுன்னு இருந்தாலும் ஆடலாம், நெசத்துல அம்பத்தாறா இருந்தாலும் ஆடலாம். ஒருத்தரும் பொய் சொல்ல வேண்டாம்."

"அக்கா, அந்தப் பிரிவுல டவுன் பொம்பளைங்க இருக்காங்க. நம்மள நசுக்கிடுவாங்க."

"தெரியும்."

"இந்த வருஷம் கோப்பை உங்களுக்குத்தான்னு வட்டமே சொல்லுது. என்னை விட்டுட்டு வேற ஆள் தேடுங்க."

"ஆள் இருந்தா உன்கிட்ட ஏன் வந்தேன் தெத் முடிஞ்சப்போ?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "எட்டு மாசம் ஆடியிருக்க."

நான் தோவான் அக்காவைப் பார்த்தேன். அறுபத்தெட்டு வயது. முட்டி தேய்ந்துவிட்டது, அடுத்த வருடம் ஆட முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் கோப்பை யாருக்காவது வேண்டுமென்றால் அது அவளுக்குத்தான். அவள் என் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு முட்டியைத் தேய்த்தாள்.

"என்னை என்ன பார்க்கிற? கோப்பையில ஊத்தி நான் கஞ்சியா குடிக்கப்போறேன்? கிளம்பு, இருட்டப் போகுது" என்றாள்.

அன்று முற்றத்தில் வலை கட்டியதும் நியான் அக்கா என்னிடம் கேட்டாள். "காகிதத்துல இருக்கறது இருக்கட்டும். அதைத் தொட்டா உன் குடும்பமே ஆட்டம் கண்டுடும், தொட வேண்டாம். களத்துல நான் எதைச் சொல்லிக் கூப்பிடட்டும்?"

எனக்கு வாயில் வரவில்லை. என் பெயரை நானே சொல்லிப் பல வருடம் ஆகிவிட்டது. வேறு யாருடைய சாமானையோ எடுப்பது போலக் கூசியது. அவள் காத்திருந்தாள். கடைசியில் நான் சொல்லாமலே அவள் தலையாட்டிவிட்டு வலைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து போட்டி வரும் வரை "ஏய்" என்றே கூப்பிட்டாள்.

போட்டியன்று வட்டத்து விளையாட்டு மைதானத்தில் எட்டு ஊர் கூடியிருந்தது. மேசையில் இருந்தவர் அட்டைகளை வாங்கி அடுக்கி வைத்துக்கொண்டு ஒலிபெருக்கியில் வாசித்தார். "பாம் தி மாவ், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூணு." மைதானம் முழுக்க அந்தப் பெயர் கேட்டது. இருக்கிறாள் என்று கையைத் தூக்கினேன். "யாரை?" என்று உள்ளே யாரும் கேட்கவில்லை. அவளைத்தான் கூப்பிட்டார்கள், அவளுக்காக நான் கையைத் தூக்கினேன்.

எதிரே வந்தவர்கள் ஐம்பது, ஐம்பத்திரண்டு வயதுக்காரிகள். ஒரே நிறச் சட்டை, புது ஷூ. ஒருத்தி நின்ற இடத்திலேயே எகிறி அடித்தாள். எங்கள் பக்கத்தில் எகிறுவது என்றால் குதிகால் மட்டும்தான் எழும். ஐந்து பூஜ்யம், ஒன்பது ஒன்று என்று போனது. பார்க்க வந்தவர்களில் எவனோ, "பாட்டிங்களுக்கு யாராச்சும் வழி காட்டுங்கப்பா, அவங்க பிரிவு அந்தப் பக்கம்" என்றான். கூட்டம் சிரித்தது. தோவான் அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவளைப் பார்க்க என்னால் முடியவில்லை. என்னால் வந்த வினை என்று நெஞ்சு எரிந்தது.

அடுத்த சர்வீஸ் வலையைத் தாண்டியது. காற்று அதைப் பின்னால் இழுத்தது. எனக்கும் மியெனுக்கும் நடுவே, யாருக்கும் சொந்தமில்லாமல், அது இறங்கத் தொடங்கியது.

"மூய்! உன் பந்து!"

நான் யோசிக்கவில்லை. ஓடியதும் எனக்குத் தெரியாது. பந்து தரையைத் தொடுவதற்கு வெகு முன்னாலேயே அதன் கீழே போய்விட்டேன், அவ்வளவு முன்னால் போய் எனக்குப் பழக்கமில்லை. கை சேரும் முன்பே பந்து என் நெற்றியில் பட்டு உயரப் போனது. மியென் விழுந்தடித்துக்கொண்டு வந்து அதை எப்படியோ அந்தப் பக்கம் தள்ளினாள். எதிரணிக்காரிகள் சிரித்துக்கொண்டு நின்றதில் அதை எடுக்க மறந்துவிட்டார்கள்.

"கையால ஆடுற ஆட்டம்டி இது, தங்கச்சி!" என்று கத்தினாள் மியென்.

நாங்கள் எடுத்த இரண்டாவது பாயிண்ட் அது. அதற்கப்புறம் நியான் அக்கா என்னைக் கூப்பிட்டபோதெல்லாம் நான் அங்கே இருந்தேன். அம்மா போன பிறகு அந்தப் பெயரை மனுஷக் குரலில் கேட்டதில்லை. ஆடிக்கொண்டே அழுதேன். வேர்வையில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முதல் செட் இருபத்தொன்று எட்டு. இரண்டாவது இருபத்தொன்று பதிமூன்று. இரண்டிலும் தோற்றோம். ஆட்டம் முடிந்து வலைக்கடியில் கை கொடுக்கும்போது அந்த எகிறி அடித்தவள் எங்கள் ஐந்து பேர் கையையும் இரண்டு கையால் பிடித்தாள்.

பக்கத்துத் தளத்தில் அறுபதுப் பிரிவு நடந்துகொண்டிருந்தது. போன வருடம் எங்களிடம் அரையிறுதியில் தோற்ற ஊர்தான் கோப்பையைத் தூக்கியது. நாங்கள் கரும்புச்சாறு வண்டிப் பக்கம் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தோம். தோவான் அக்கா கடைசிவரை பார்த்தாள். "நல்லாதான் ஆடுறாங்க" என்று மட்டும் சொன்னாள்.

நியான் அக்கா மேசைக்குப் போய் எங்கள் அடையாள அட்டைகளை வாங்கிக்கொண்டு வந்தாள். அலுவலகத்தில் கொடுக்கிற மாதிரியே ஒவ்வொன்றாகப் பார்த்து, பெயரை வாசித்து, ஆளிடம் கொடுத்தாள். தோவான். மியென். கடைசி அட்டையைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். அதிலிருந்த படம் என்னுடையது. பெயரும் வருடமும் என்னுடையதல்ல. சட்டை நுனியால் அதன் மேலிருந்த தூசியைத் துடைத்தாள்.

"இந்தா மூய், உங்க அக்காவோடது" என்றாள். "தொலைச்சிடாத. அவளுக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான்."

நான் எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.